கடல்நீரில் கரிமத்தை எண்ணுவது: கப்பலேறப் போகும் மாணவருக்கு ஒரு பதில்

காரைக்குடியில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அடுத்த மாதம் வங்காள விரிகுடாவில் மூன்று வாரம் ஆய்வுக் கப்பலில் போகிறேன். கடல்நீரில் கரிமம் அளக்கும் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல பிஎச் மீட்டர் ஒன்று இருந்தால் போதாதா? எதற்கு நான்கு விதமான அளவு? பாட்டிலில் ஏன் பாதரச விஷம் ஊற்றுகிறார்கள்? நான் எதில் கவனமாக இருக்க வேண்டும்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாட்டிலை நிரப்பும் அந்த இரண்டு நிமிடத்தில் கவனமாக இருங்கள். கருவியில் வரும் கோளாறைப் பெரும்பாலும் பிறகு கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். பாட்டிலில் நடந்த தவற்றைத் திருத்தவே முடியாது. அந்த நீர் திரும்ப வராது, கப்பல் அந்த இடத்துக்குத் திரும்பப் போகாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. கடல்நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு, பைகார்பனேட், கார்பனேட் மூன்றையும் கூட்டினால் வருவது கரைந்த கனிமக் கரிமம். ஆய்வகத்தில் எல்லோரும் டி.ஐ.சி. என்றுதான் சொல்வோம். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் அது ஒரு கிலோ நீருக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல். ஆழத்துக்குப் போகப் போக 2,200, 2,300 என்று ஏறும். மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்குவதால் மேற்பரப்பு நீரில் இந்த எண் ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறது தெரியுமா? சுமார் 1 மைக்ரோமோல். இரண்டாயிரத்தில் ஒன்று. நீங்கள் பாட்டில் நிரப்பும்போது 10 மைக்ரோமோல் தவறு நுழைந்தால் பத்து ஆண்டு மாற்றத்தை அழித்துவிட்டீர்கள் என்று பொருள்.

இந்த வளர்ச்சி இவ்வளவு சின்னதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 1957-இல் ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூயஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கவனித்த விஷயம் இது: நீரில் கரியமில வாயுவின் அழுத்தம் 10 சதவீதம் கூடினால் மொத்தக் கரிமம் ஏறக்குறைய 1 சதவீதம்தான் கூடும். கடலின் கார்பனேட் வேதியியல் அப்படித் தாங்கிப் பிடிக்கிறது. அதனால்தான் காற்றில் பெரிதாகத் தெரியும் மாற்றம் கடல்நீரில் நூலிழையாகத் தெரிகிறது.

சரி, பிஎச் மீட்டருக்கு வருவோம்.

தொழிற்புரட்சிக்கு முன் கடல் மேற்பரப்பின் பிஎச் சுமார் 8.2. இப்போது 8.1-க்குப் பக்கம். மொத்த மாற்றமே 0.1 அளவுதான். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடி மின்வாயை பிஎச் 4, 7, 10 என்று நிலையாக நிற்கும் மூன்று பஃபர் கரைசல்களில் சரிபார்ப்பீர்கள். அந்தப் பஃபர்களில் உப்பு மிகக் குறைவு, கடல்நீரில் அதிகம். ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைத்தால் மின்வாயின் சந்திப்பில் உண்டாகும் மின்னழுத்தம் மாறிவிடும். அதோடு, அந்தப் பஃபர் அளவுகோலும் கடலியலாளர்கள் பயன்படுத்தும் மொத்த ஹைட்ரஜன் அயனி அளவுகோலும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே கடல்நீரில் 0.1-க்கும் மேல் வித்தியாசம் வரும். எந்த அளவுகோல் என்று எழுதாமல் ஒரு பிஎச் எண்ணை மட்டும் தந்தால், இருநூறு ஆண்டுகளில் கடலில் நடந்ததைவிடப் பெரிய குழப்பத்தை அந்த ஒரு எண்ணே உண்டாக்கிவிடும். இன்னொன்றும் பாருங்கள். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு மின்வாய் தருவது 59 மில்லிவோல்ட். நமக்கு வேண்டிய 0.001 அளவுக்கு 0.06 மில்லிவோல்ட். ஆடும் கப்பலில், பம்பும் மோட்டாரும் ஓடும் அறையில், அதை நம்ப முடியாது.

ஆகவே கப்பலில் பிஎச்சைச் சாயம் வைத்துத்தான் அளப்போம். எம்-கிரெசால் பர்ப்பிள் என்ற நிறங்காட்டியைக் கடல்நீரில் மிகச் சிறிதளவு சேர்த்து, 10 செ.மீ. நீளமுள்ள கண்ணாடிக் கலத்தில் வைத்து, 434, 578 நானோமீட்டர் அலைநீளங்களில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்போம். இரண்டின் விகிதத்திலிருந்து பிஎச் வந்துவிடும். 1993-இல் கிளேட்டனும் பைர்னும் வகுத்த முறை இது. கையைப் பழக்கிக்கொண்டால் ஒரே நீரை மூன்று முறை அளந்தாலும் 0.001-க்குள் நிற்கும். இரண்டு எச்சரிக்கை மட்டும். சாயம் சுத்திகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், கடையில் வாங்கும் சாயத்தில் இருக்கும் அழுக்கு எண்ணை நகர்த்திவிடும். கலத்தின் வெப்பநிலை 25 டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு டிகிரி மாறினால் பிஎச் சுமார் 0.015 மாறும்.

எதற்கு நான்கு அளவு என்று கேட்டீர்கள். டி.ஐ.சி., மொத்தக் காரத்தன்மை (சேர்க்கும் அமிலத்தை ஈடுகட்ட அந்த நீருக்கு இருக்கும் திறன்), பிஎச், கரியமில வாயுவின் பகுதி அழுத்தம் ஆகிய நான்கில் எந்த இரண்டை அளந்தாலும், உப்பும் வெப்பநிலையும் தெரிந்தால், மற்ற இரண்டையும் கணக்குப் போட்டு எடுக்கலாம். அப்படியானால் இரண்டு போதுமே என்று தோன்றும். போதும்தான். ஆனால் மூன்றாவதை அளந்து வைத்தால் கணக்கு ஒத்துப்போகிறதா என்று தெரியும். ஒத்துப்போகாத நாளில்தான் கோளாறு எங்கே என்று தேடவே ஆரம்பிப்போம்.

எந்த இரண்டு என்பதும் முக்கியம். பிஎச்சும் பகுதி அழுத்தமும் சேர்ந்தே ஏறி இறங்கும், ஒன்று சொன்னதையே மற்றதும் சொல்லும். அந்த ஜோடியை வைத்து மற்றதைக் கணக்கிட்டால் பிழை பெருத்துவிடும். டி.ஐ.சி.யும் காரத்தன்மையும் அப்படியல்ல, தனித்தனியாக நடக்கும். அதனால்தான் நெடுந்தூரக் கடல் ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாக இந்த ஜோடிக்கு மதிப்பு. பிஎச்சும் டி.ஐ.சி.யும், அல்லது பிஎச்சும் காரத்தன்மையும் கூட நல்ல ஜோடிகளே.

டி.ஐ.சி.யும் காரத்தன்மையும் எப்படித் தனித்து நடக்கின்றன என்பதை நம் ஊர்ச் சுவரை வைத்தே சொல்லலாம். எங்கள் ஆயா வீடு பள்ளத்தூரில். முகப்புச் சுவரில் முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, அரைத்து, முட்டை வெள்ளைக்கருவோடு சேர்த்துத் தேய்த்த பூச்சு அது. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சுடும்போது கரியமில வாயு வெளியே போய்ச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசியபின் அந்தச் சுண்ணாம்பு ஆண்டுக்கணக்கில் காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சி மறுபடி கார்பனேட்டாக இறுகுகிறது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் இந்த வேலையை எத்தனையோ ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கின்றன.

அந்தக் கிளிஞ்சல் கடலில் உருவாகும்போது என்ன நடக்கிறது? அந்த உயிர் ஒரு கால்சியத்தையும் இரண்டு பைகார்பனேட்டையும் எடுத்து ஓடு கட்டுகிறது. ஒரு கரிமம் ஓட்டில் போகிறது, மற்றது கரியமில வாயுவாக நீரிலேயே நிற்கிறது. ஆக டி.ஐ.சி. ஒன்று குறைகிறது, காரத்தன்மை இரண்டு குறைகிறது. கரிமத்தை எடுத்து ஓட்டில் பூட்டியும்கூட நீரில் கரியமில வாயுவின் அழுத்தம் கூடுகிறது! படித்தவர்கள்கூட அடிக்கடித் தவறாகச் சொல்லும் இடம் இது. பவளமும் சங்கும் கரியமில வாயுவை இழுத்துக் கடலைக் காப்பாற்றுவதாக எழுதுவார்கள். வேதியியல் அப்படிச் சொல்லவில்லை.

பாசி ஒளிச்சேர்க்கை செய்தால் கதை வேறு. டி.ஐ.சி. நன்றாக இறங்கும், காரத்தன்மை அசையாது, நைட்ரேட்டை எடுத்துக்கொள்வதால் துளி கூடும், அவ்வளவுதான். காற்றிலிருந்து வாயு உள்ளே வந்தால் டி.ஐ.சி. மட்டும் ஏறும், காரத்தன்மையில் ஒரு புள்ளிகூட மாறாது. ஒரு நீரில் இரண்டையும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நீருக்கு என்ன நேர்ந்தது, ஓடு கட்டினார்களா, பாசி தின்றதா, காற்று கொடுத்ததா என்று பிரித்துச் சொல்லலாம். எனக்கு இந்த வேலையில் இன்றும் பிடித்த பகுதி இதுதான்.

இனி பாட்டில்.

கப்பலிலிருந்து இறக்கும் சட்டத்தில் வட்டமாக நிஸ்கின் பாட்டில்கள் இருக்கும், நடுவில் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் சி.டி.டி. கருவி இருக்கும். பாட்டில்கள் வேண்டிய ஆழத்தில் நீரைப் பிடித்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு மேலே வரும். மேல்தளத்துக்கு வந்ததும் எல்லாக் குழுவும் நீருக்கு வரிசையில் நிற்கும். அந்த வரிசைக்கு ஒரு முறை உண்டு. வாயுக்கள் முதலில். ஆக்சிஜன் எடுப்பவருக்குப் பிறகு நீங்கள். சத்துப்பொருளும் உப்பும் எடுப்பவர்கள் உங்களுக்குப் பின்னால். நீர் குறையக் குறைய நிஸ்கினுக்குள் காற்று நுழைகிறது, வாயு பரிமாற்றம் தொடங்குகிறது. யாராவது அவசரம் என்று முன்னால் வந்தால் பணிவாக, ஆனால் உறுதியாக நிறுத்துங்கள். மாணவர்தானே என்று ஒதுங்கிவிட வேண்டாம்.

போரோசிலிகேட் கண்ணாடி பாட்டில், 500 மி.லி. அல்லது 250. சாதாரணக் கண்ணாடியிலிருந்து மாதக்கணக்கில் கசியும் பொருள்கள் காரத்தன்மையை மாற்றும். நிஸ்கின் குழாயில் வளைந்து கொடுக்கும் மென்மையான டியூபை மாட்டி, அதன் மறுமுனையைப் பாட்டிலின் அடிவரை விடுங்கள். டியூபுக்குள் ஒரு குமிழிகூட ஒட்டியிருக்கக் கூடாது. விரலால் சுண்டினால் போய்விடும். முதலில் பாட்டிலை அலசுங்கள், பிறகு அடியிலிருந்து மெதுவாக, கொப்பளிக்காமல் நிரப்புங்கள். நிரம்பியதும் நிறுத்தாதீர்கள். பாட்டில் அளவுக்கு இன்னொரு மடங்கு நீர் வழிந்து போகட்டும். காற்றைத் தொட்ட முதல் நீர் அப்போதுதான் வெளியேறும். நான் செய்வது இப்படி: பாட்டில் நிரம்ப எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று மனத்துக்குள் எண்ணுவேன், நிரம்பியபின் அதே எண்ணிக்கையை மறுபடி எண்ணுவேன். இரவு இரண்டு மணிக்குக் கண் சொருகும்போது கடிகாரத்தைவிட எண்ணுவது நம்மைக் காப்பாற்றும்.

வழிந்து போகும் நீரைப் பார்த்து மற்ற குழுக்களுக்கு மனம் பதறும். நிஸ்கினில் இருப்பது பத்து லிட்டர்தான், எல்லோருக்கும் வேண்டும். என் இரண்டாவது பயணத்தில் இதனால்தான் அடிபட்டோம். ஓர் ஆழமான நிலையத்தில், அதாவது கப்பல் நின்று நீர் எடுக்கும் இடத்தில், ஒரே நிஸ்கினிலிருந்து எடுத்த இரட்டை மாதிரிகளின் டி.ஐ.சி.யில் ஒன்றுக்கும் மற்றதற்கும் 9 மைக்ரோமோல் வித்தியாசம் வந்தது. கருவியைத்தான் சந்தேகித்தோம். கரைசலை மாற்றினோம், வாயுக் குழாய்களை மாற்றினோம், இரண்டு நாள் போனது. கருவியில் ஒன்றுமில்லை. அந்த இரவு நீர் மிச்சம் பிடிக்கலாம் என்று வழியவிடும் அளவைப் பாதியாக்கியிருக்கிறார்கள், டியூபும் பழசாகி விறைத்துப்போய்க் குழாயருகே குமிழி தங்கியிருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஆழத்து நீரில் கரியமில வாயுவின் அழுத்தம் காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு. கொஞ்சம் காற்று பட்டாலும் வாயு வெளியேறும். மேற்பரப்பு நீர் காற்றோடு ஏறக்குறைய சமநிலையில் இருப்பதால் அதில் இந்தத் தவறு தெரியவே தெரியாது. பன்னிரண்டு பாட்டில்களைச் சந்தேகத்துக்குரியவை என்று குறித்து ஒதுக்க வேண்டியதாயிற்று. எனக்கு இன்றும் வருத்தம் அதில்.

நிரம்பியபின் மேலே ஒரு சதவீதம் இடம் விட வேண்டும், 500-க்கு 5 மி.லி. காற்றே வேண்டாம் என்று விளிம்புவரை நிரப்பினால் என்ன ஆகும்? ஆழத்து நீர் 5 டிகிரியில் வரும். மேல்தளத்தில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் கடல்நீர் சுமார் 0.6 சதவீதம் விரியும். மூடி வெளியே தள்ளப்படும் அல்லது பாட்டில் வெடிக்கும். அந்த ஒரு சதவீத இடைவெளியால் வரும் பிழை மிகச் சிறியது, அதைக் கணக்கிட்டுத் திருத்தவும் முடியும்.

பிறகு விஷம். பாதரச குளோரைடின் பூரிதக் கரைசல், அரை லிட்டருக்கு 100 மைக்ரோலிட்டர். கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் இருக்கின்றன. பாட்டிலுக்குள்ளும் அவை மூச்சு விடும், தின்னும், சாகும். ஒவ்வொன்றும் டி.ஐ.சி.யை மாற்றும். மூன்று வாரம் கழித்துக் கரையில் அளக்கும்போது பாட்டிலுக்குள் வாழ்ந்த உயிர்களின் கதைதான் கிடைக்கும், கடலின் கதை கிடைக்காது. அதனால் எல்லாவற்றையும் அந்த நொடியிலேயே நிறுத்திவிடுகிறோம். பாதரசம் கொடியது என்பதில் சந்தேகம் வேண்டாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தனித் தட்டில் வைத்துச் செய்யுங்கள், அளந்து முடித்த நீரையும் கழுவிய நீரையும் கேனில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கடலுக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது. கடலைப் பற்றி அறியப் போகிறவர்கள் அதில் பாதரசம் ஊற்றிவிட்டு வருவது எனக்குப் பொறுக்காது. ஆறேழு மணி நேரத்துக்குள் கப்பலிலேயே பிஎச் அளந்துவிடுவதானால் அந்த மாதிரிக்கு விஷமே தேவையில்லை, இருட்டிலும் குளிரிலும் வைத்தால் போதும்.

மூடியில் கிரீஸ் தடவி, அழுத்தித் திருகி, ரப்பரால் இறுக்கிக் கட்டி, தலைகீழாக்கிக் கலக்கி, இருட்டில் வையுங்கள். கிரீஸில் கோடு கோடாக வழி தெரிந்தால் மூடி சரியாகப் படியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

இப்போது டி.ஐ.சி. அளப்பதைச் சொல்கிறேன். காரைக்குடி மாணவர் என்பதால் இதை உங்களுக்கு ஆசையோடு சொல்லலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று சொல்லும் அந்த வளாகம், உங்கள் ஊரில்தான் இருக்கிறது. மின்சாரத்தை வைத்து வேதியியல் செய்வது உங்கள் ஊருக்குப் புதிதல்ல. கடலின் கரிமத்தை உலகம் எண்ணுவதும் அதே வழியில்தான்.

கூலோமீட்டர் என்ற கருவி. கடல்நீரில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தால் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் முழுக்கக் கரியமில வாயுவாக மாறும். கரியமில வாயு இல்லாத நைட்ரஜனைக் குமிழிகளாக விட்டு அதை வெளியே அடித்துக்கொண்டு போய் இன்னொரு கலத்துக்குள் செலுத்துவோம். அந்தக் கலத்தில் எத்தனாலமைனும் தைமால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியும் இருக்கும், கரைசல் நீலம். வாயு எத்தனாலமைனோடு சேர்ந்து அமிலமாகும், நீலம் வெளுக்கும். வெளுத்ததைக் கருவியின் ஒளி உணர்வான் கண்டதும் பிளாட்டினம் மின்வாயில் மின்னோட்டம் ஓடி ஹைட்ராக்சைடு உண்டாகும், நீலம் திரும்பும். பழைய நீலத்துக்கு வரும்வரை எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதே நமக்கு வேண்டிய எண். ஒரு மூலக்கூறு கரியமில வாயுவுக்கு ஓர் எலக்ட்ரான். ஃபாரடே சொன்ன விதி, ஒரு மோலுக்கு 96,485 கூலோம். 25 மி.லி. கடல்நீரில் கிலோவுக்கு 2,100 மைக்ரோமோல் என்றால் உள்ளே இருப்பது சுமார் 54 மைக்ரோமோல், செலவாகும் மின்சாரம் 5.2 கூலோம். ஒரு நீரின் கரிமத்தை எலக்ட்ரானாக எண்ணிச் சொல்கிறோம்! 1980-களில் கென் ஜான்சனும் அவரோடு இருந்தவர்களும் இதைக் கப்பலில் ஓட்டும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நன்றாக ஓடினால் 1 முதல் 2 மைக்ரோமோலுக்குள் திரும்பத் திரும்ப ஒரே எண் வரும்.

கலக் கரைசலை நாள்தோறும் புதிதாக வையுங்கள். தொடங்கிய முதல் ஒரு மணி நேரம் பின்னணி ஓட்டம் அடங்காது, பொறுங்கள். அமைதியாகாத கலத்தில் மாதிரி ஓட்டினால் எல்லா எண்ணும் ஒரே பக்கமாகச் சாயும்.

காரத்தன்மைக்கு டைட்ரேஷன், அதாவது அமிலத்தை அளந்து விட்டுப் பார்ப்பது. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, கடல்நீரின் உப்புக்கு ஈடாகச் சோடியம் குளோரைடு சேர்த்துத் தயாரித்து வைப்பார்கள். முதலில் பிஎச் 3.5 அருகே கொண்டுபோய், கிளறியும் காற்று விட்டும் கரியமில வாயுவை விரட்டிவிட்டு, பிறகு சிறு சிறு சொட்டாக 3.0 வரை. அந்த வளைவைக் கணினி பொருத்தி எண் தரும். இங்கே மின்வாய் தேவைப்படுகிறது, ஆனால் அதன் துல்லியமான மதிப்பு நமக்குத் தேவையில்லை, மாற்றம்தான் தேவை. அதனால் பிழைக்கிறோம். அமிலத்தின் செறிவில் 0.1 சதவீதத் தவறு இருந்தால் 2 மைக்ரோமோல் போய்விடும். ஆய்வக ஏ.சி. நின்று அமிலத்தின் சூடு ஒரு டிகிரி ஏறினால் இன்னும் அரை மைக்ரோமோலுக்கு மேல். ஆடும் கப்பலில் தராசு வேலை செய்யாது என்பதால் மாதிரியைக் கொள்ளளவாகத்தான் எடுப்போம். எடுக்கும் குழாயின் கொள்ளளவைக் கரையிலேயே எடை போட்டு உறுதி செய்துகொண்டு போங்கள்.

பகுதி அழுத்தத்தைக் கப்பல் ஓடும்போதே தொடர்ந்து வரும் நீரில் கருவி தானாக அளக்கும். உங்கள் வேலை அந்த நீரின் வெப்பநிலையைச் சரியாகப் பதிவு செய்வது. ஒரு டிகிரிக்கு 4 சதவீதத்துக்கு மேல் மாறும்.

இவ்வளவு செய்தும் நம் எண் சரி என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ஆண்ட்ரூ டிக்ஸனின் ஆய்வகம் 1990-களின் தொடக்கம் முதல் பாட்டிலில் அடைத்த சான்றளிக்கப்பட்ட கடல்நீரை உலகம் முழுக்கக் கொடுத்துவருகிறது. அதன் டி.ஐ.சி.யைச் சார்ல்ஸ் கீலிங்கின் ஆய்வகத்தில் வெற்றிட முறையில் அளந்தார்கள். 1958 முதல் மௌனா லோவா மலையில் காற்றின் கரியமில வாயுவை அளந்த அதே கீலிங். அந்த நீர் வருமுன் ஒவ்வொரு நாட்டுக் கப்பலும் அளந்த எண்ணை மற்றதோடு ஒப்பிடுவதே பெரும்பாடு. ஒவ்வொரு நாளும் முதலில் ஒரு பாட்டில், நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று ஓட்டி, வரும் எண்ணை வரைபடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளி மெல்ல ஒரு பக்கம் நகர ஆரம்பித்தால் மாதிரிகளை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். அந்த நீர் விலை அதிகம், வாங்குவதற்கும் காத்திருக்க வேண்டும். ஆனாலும் அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நீங்கள் போகும் கடலுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வங்காள விரிகுடாவில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வந்து விழுகின்றன. மழைக்காலத்துக்குப் பின் வடக்கே மேற்பரப்பு உப்பு 30-க்கும் (ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ இத்தனை கிராம்) கீழே இறங்கும். உப்பு குறைந்தால் காரத்தன்மையும் குறையும், டி.ஐ.சி.யும் குறையும். அதைப் பார்த்துப் பாசி தின்றுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. உப்பை 35-க்கு ஈடாக்கிப் பெருக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் செய்வார்கள். ஆற்று நீர் வெறும் நீர் அல்ல, இமயமலைப் பாறையை அரித்துக் கரைத்த பைகார்பனேட்டோடு வருகிறது. உப்பு சுழியமானாலும் காரத்தன்மை சுழியமாகாது. எனவே அந்தப் பெருக்கல் இங்கே பொய் சொல்லும். உப்பையும் காரத்தன்மையையும் வரைபடமாக வரைந்து, உப்பு சுழியமாகும் இடத்தில் கோடு காரத்தன்மை அச்சை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். அளந்த இரண்டிலிருந்து மற்ற இரண்டைக் கணக்கிடும் மென்பொருளில் எந்த வேதிச் சமநிலை மாறிலிகளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதும் இங்கே பொருட்டு. 2000-ஆம் ஆண்டில் லூக்கர் குழு வெளியிட்ட மாறிலிகள் உப்பு 19-க்கு மேல்தான் பொருந்தும். முகத்துவாரத்துக்கு அருகே போனால் வேறு வேண்டும்.

லிட்டரையும் கிலோவையும் குழப்பிவிடாதீர்கள். அடர்த்தி 1.024 என்றால் 2,100-இல் 50 மைக்ரோமோல் தவறு வந்துவிடும். இந்தத் தவற்றைப் பெரிய ஆய்வறிக்கைகளின் வரைவுகளில்கூடக் கண்டிருக்கிறேன்.

அப்புறம் குறிப்பேடு. இந்த விரிகுடாவைத் தாண்டித்தான் நம் ஊர்க்காரர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய்க் கடை வைத்தார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் முதலில் பழகியது அன்றன்றைக் கணக்கை அன்றே எழுதுவது. உங்களுக்கும் அதுதான். நிலைய எண், நிஸ்கின் எண், பாட்டில் எண், நேரம், யார் எடுத்தது, நிஸ்கின் ஒழுகியதா, குமிழி தெரிந்ததா, எல்லாவற்றையும் அங்கேயே, பென்சிலால் எழுதுங்கள். சந்தேகம் வந்த மாதிரியை ஒளிக்காதீர்கள். நல்லதுக்கு 2, சந்தேகத்துக்கு 3, கெட்டதுக்கு 4 என்று கடலியலில் குறிக்கும் வழக்கம் உண்டு. 3 என்று எழுதக் கை கூச வேண்டாம். என் பன்னிரண்டு பாட்டிலும் இன்றுவரை 3 என்றுதான் கிடக்கின்றன.

கப்பலேற இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் போய்வாருங்கள், அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகமும் அங்கே இருக்கிறது. பாக் விரிகுடா ஆழமில்லாதது, கடற்புல் நிறைந்தது. விடியும் முன் ஒரு முறையும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறையும் அதே இடத்தில் நீர் எடுங்கள். இரவெல்லாம் மூச்சுவிட்ட நீருக்கும் பகலெல்லாம் புல் உண்ட நீருக்கும் பிஎச் எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். மீட்டரே இதற்குப் போதும், வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியும். அதற்கு முன் வீட்டில் ஒரு வாளி தண்ணீரை உயரத்தில் வைத்து, டியூப் மாட்டி, பாட்டிலை அடியிலிருந்து நிரப்பி, எண்ணி, வழியவிட்டு, மூடிப் பழகுங்கள். ஐம்பது தடவை. கை தானாகச் செய்யும்வரை. டியூப் புதியதாக, மென்மையாக இருக்கட்டும், கப்பலுக்கு இரண்டு மீட்டர் கூடுதலாக எடுத்துப் போங்கள்.